பெரியவருக்குக் கண்ணாடிப் பெட்டி

மாடி போர்ஷன் பார்க்க வந்தவர்தானே நீங்க? வாங்க தம்பி, இப்படி ஃபேனுக்கு நேரா உட்காருங்க. மாடி எங்கேயும் ஓடிப் போயிடாது. தண்ணி நல்ல தண்ணி, காத்து மேல்காத்து, வீட்டுக்காரன் நான். இந்த மூணாவது விஷயத்தைப் பத்தி முக்குக் கடையில் ஏதாவது சொல்லியிருப்பானே? "ஆவுடையப்பன் வீடா, ஆள் தங்கம்தான், ஆனா அளப்பாரு"ன்னு சொல்லியிருப்பான். சொல்லாம விட்டிருக்க மாட்டான்.

அளந்தவன்தான் தம்பி. சர்வே டிபார்ட்மெண்டில் செயின்மேனா, அதாவது அளக்கிற சங்கிலியைப் பிடிக்கிறவனா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தச் சங்கரன்கோவில் தாலுகாவில் என் கால் படாத வரப்பு கிடையாது. பகல் பூரா நிலத்தை அளப்பேன். சாயங்காலம் நாலு பேர் கூடின இடத்தில் பகலில் நடந்ததைச் சொல்வேன். ரெண்டுக்கும் அளப்புன்னு ஒரே பேரை வச்சா நான் என்ன செய்ய?

சும்மா ஒண்ணு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு தடவை மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தை அளக்கப் போயிருக்கோம். சங்கிலியைக் காணோம். ஆபீசர் தலையில் கை வச்சு உட்கார்ந்துட்டார். நான் பார்த்தேன். ஓடையில் ஒரு மலைப்பாம்பு நீட்டிப் படுத்திருந்தது. வாலை ஒரு முளையில் கட்டினேன், தலையை நான் பிடிச்சுக்கிட்டேன், பொழுது அடையறதுக்குள்ளே கிராமத்தையே அளந்து முடிச்சாச்சு. ஒரே ஒரு சிக்கல். பாம்பு மூச்சை இழுத்தா ஒரு சாண் நீளும், விட்டா ஒரு சாண் சுருங்கும். அது மூச்சை இழுத்த நேரம் அளந்த நிலத்துக்காரனுக்கு நிலம் குறைஞ்சு போச்சு, விட்ட நேரம் அளந்த நிலத்துக்காரனுக்குக் கூடிப் போச்சு. அந்த வழக்கு இன்னும் கோர்ட்டில் கிடக்கு. நம்பாதவன் போய்ப் பார்த்துக்கட்டும்.

இதைச் சொன்னா ஊர் சிரிக்கும். என் சம்சாரம் சண்முகவடிவு சிரிக்கக்கூட மாட்டா, அடுப்பைப் பார்க்கப் போயிடுவா. நம்பினது ஒரே ஒரு ஆள். என் மகன் லிங்கம். சின்னப் பிள்ளையில் நீட்டல் அளவைப் பாடம் நடந்தப்போ எந்திரிச்சு, "எங்கப்பா மலைப்பாம்பை வச்சு அளந்தாங்க"ன்னு சொல்லியிருக்கான். வாத்தியார் பெஞ்சு மேலே ஏத்திட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு இறங்குன்னு சொன்னா இறங்க மாட்டேன்னுட்டானாம். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாங்க"ன்னு மணியடிக்கிற வரைக்கும் பெஞ்சு மேலேயே நின்னானாம். அந்தப் பிள்ளை நம்பினதுதான் தம்பி என் சொத்து. இந்த வீடெல்லாம் அதுக்கு அப்புறம்.

அந்தச் சொத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

லிங்கம் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வேலையில் சேர்ந்தவன் நாய் வளர்க்கலாம், மீன் வளர்க்கலாம். இவன் ஆப்பிரிக்காப் பாம்பு ஒண்ணு வாங்கி வச்சான். பயப்படாதீங்க, சட்டப்படி பதிவு பண்ணி வளர்க்கிறது. விஷமும் கிடையாது. யாராவது கிட்டே போனா பயந்து பந்து மாதிரி சுருண்டுக்கும். நம்ம ஊர்ப் பாம்பைப் பிடிச்சு வளர்த்தா உள்ளே தூக்கி வச்சிடுவாங்க, இதுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மருமகள் உண்டானா. சம்பந்தியம்மா வந்தாங்க, பெட்டியைப் பார்த்தாங்க, "இந்த வீட்டில் இது இருக்கணுமா, நான் இருக்கணுமா?"ன்னு கேட்டாங்க. என் மகன் யோசிச்சிருக்கான். அந்த யோசனைதான் தப்பாப் போச்சு. ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் பேசலை.

அப்புறம் எனக்குப் போன் பண்ணினான். "அப்பா, வேற ஆள்கிட்டே கொடுக்க மனசு வரலை. உங்களுக்குத்தான் பாம்புப் பழக்கம் உண்டே. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா மட்டும் சொல்லிடுங்க, பெங்களூரில் ஒருத்தர் கேட்கிறார், கொடுத்திடறேன்."

"எனக்கா கஷ்டம்? மலைப்பாம்பையே இழுத்துப் பிடிச்ச கைடா இது. கொண்டா."

போனை வச்சதும் காலைத் தூக்கி நாற்காலி மேலே வச்சுக்கிட்டது நிஜம். அது கால் வலிக்கு.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டு வர்றேன்னான். அங்கே இருக்கிறது சுவரோட சேர்த்துப் பண்ணின பெட்டி, பெயர்க்க முடியாது. இங்கே புதுசா ஒண்ணு தயார் பண்ணணும். எப்படி இருக்கணும்னு சொன்னான் பாருங்க. நாலடி நீளமாவது வேணும், கண்ணாடி. இறுக்கமா மூடி, அதுக்குப் பூட்டு. உள்ளே ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளுமை. ரெண்டு பக்கமும் அது ஒளிஞ்சுக்க ஒவ்வொரு மறைவு. உடம்பு முங்கிக் கிடக்கத் தண்ணிக் கிண்ணம். கீழே மெத்தையாத் தேங்காய் நார்த்தூள். ஏறி இறங்க ஒரு கட்டை.

"ஏம்ல, எனக்குக் கல்யாணம் ஆனப்போ இதில் ஒரு வசதிகூட எங்களுக்குக் கிடையாதே"ன்னேன். "அதோட சங்கரன்கோவிலே அடுப்பு மாதிரிதான் இருக்கு, இதில் சூட்டுக்கு பல்பு வேறயா?"

"மார்கழியில் குறையும்லப்பா. பல்பு மேலே உடம்பு படாம வலை கட்டணும், சூடு கூடினா தானா அணையணும். திருநெல்வேலியில் ஒரு கடையில் சொல்லி வச்சிருக்கேன், வாங்கிட்டு வந்துடுங்க."

வடிவுகிட்டே சொன்னேன். இவ எப்படிப்பட்டவன்னா, வருஷா வருஷம் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவில் வெள்ளியில் பாம்பும் தேளும் வாங்கி கோமதியம்மன் உண்டியலில் போடுறவ. எதுக்குப் போடுறா? அதுகள் வீட்டுப் பக்கம் வராம இருக்கிறதுக்கு. நான் சொன்னதைக் கேட்டதும் அம்மன் படத்துக்கு முன்னாலே போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தா.

"பிள்ளை கேட்டுட்டான், வரட்டும். ஆனா அந்தப் பேரை இந்த வீட்டுக்குள்ளே யாரும் வாயால சொல்லப்படாது. சொன்னா கூப்பிட்ட மாதிரி. கூட நாலு வரும்."

"பின்னே எப்படிச் சொல்ல? பூச்சின்னு சொல்லட்டா?"

"பூச்சின்னா கோவம் வராதா? பெரியவர்னு சொல்லுங்க."

அதுவரைக்கும் இந்த வீட்டில் பெரியவர்னா நான்தான் தம்பி. அன்னைக்கே பதவி போச்சு. ஆனா வடிவு சொன்னா சொன்னதுதான். அன்னையில் இருந்து பெரியவர் எத்தனை மணிக்கு வர்றார், பெரியவர் என்ன சாப்பிடுவார்னுதான் பேச்சு. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லலை. இது சைவ வீடு.

வெள்ளிக்கிழமை காலையில் நான் திருநெல்வேலிக்கு பஸ் ஏறணும், பல்பும் நார்த்தூளும் வாங்க. கண்ணாடிப் பெட்டிக்கு மந்திரமூர்த்தியை விட்டா ஆள் இல்லை. பஜாரில் அவனுக்கு ஒரே கடை, ரெண்டு தொழில். இந்தப் பக்கம் கண்ணாடி, அலுமினியம் வேலை. அந்தப் பக்கம் பந்தல், சேர், பாத்திரம் வாடகை. அதிலேயே இன்னொரு கண்ணாடிப் பெட்டியும் வாடகைக்கு உண்டு. உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். யாராவது போயிட்டா, வெளியூர் ஆட்கள் வந்து சேர்ற வரைக்கும் படுக்க வைப்பாங்களே, கரண்டில் ஓடுற குளிர்ப்பெட்டி. அதையும் ஊரில் கண்ணாடிப் பெட்டின்னுதான் சொல்றது.

நான் வடிவுகிட்டே தெளிவாத்தான் சொன்னேன். "மந்திரத்துக்குப் போன் போட்டு ஒரு கண்ணாடிப் பெட்டி வேணும்னு சொல்லு. மத்ததை அவன் கேப்பான், நீ பதில் சொல்லு." இதில் என் தப்பு எங்கேயாவது இருக்கா? சொல்லிட்டு, செல்போனைச் சார்ஜில் மறந்து வச்சிட்டு பஸ் ஏறிட்டேன்.

அந்தப் போனில் ரெண்டு பேரும் பேசினதை அப்புறம் ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிச்சேன். ஒரு எழுத்து மாறலை.

"மந்திரம், நான் வடிவு மதினி பேசுதேன். பெரியவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வேணும்ப்பா. இன்னைக்கே."

மந்திரம் வெட்டிக்கிட்டிருந்த கண்ணாடியைக் கீழே வச்சிட்டானாம். அப்புறம், "எப்ப மதினி?"

"எப்பன்னா? சாயங்காலம் லிங்கம் வந்துருவான். அவன் வாரதுக்குள்ள பெட்டி வந்துரணும்லா."

"தம்பிக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"அவன்தானே எனக்கே சொன்னான்."

மந்திரத்துக்கு இது புரியலை. துக்கத்தில் பேசுறவங்ககிட்டே குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாதுன்னு தொழில் தர்மம். "பெரிய சைஸே கொண்டாந்துருதேன் மதினி."

"பெரிசு என்னத்துக்கு? நாலடி போதும். அவர் சுருண்டுல்லா கிடப்பார்."

"ஐயோ மதினி, சுருட்டி வைக்கப்படாது! நேரா நீட்டி, கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டணும்."

"அவருக்குக் காலு ஏதுப்பா?"

இந்த இடத்தில் மந்திரம் அழுதுட்டான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது அவனுக்குத் தெரியும். காலை எடுத்திருக்காங்க, அதிலேயே ஆள் போயிட்டார்னு அவனே ஒரு முடிவு கட்டிட்டான்.

வடிவு விடலை. "மூடி நல்லா இறுக்கமா இருக்கணும் மந்திரம். அவர் மட்டும் வெளிய வந்துட்டார்னா நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"வர மாட்டார் மதினி. இனிமே எங்க வரப்போறார்."

"ஒரு பக்கம் சூடா இருக்கணுமாம். குளிர் அவருக்கு ஆகாதாம்."

"சரி மதினி. எல்லாம் நான் பார்த்துக்கிடுதேன் மதினி. நீங்க மனசைத் தேத்திக்கிடுங்க."

மந்திரத்துக்குத்தான் நம்ம மேலே எவ்வளவு அக்கறைன்னு வடிவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு சிவகாமி டீச்சர்கிட்டே கொடுத்து, "பெட்டி வரும், கூடத்தில் இறக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, பெரியவர் வர்றதுக்கு முன்னாலே அம்மனுக்கு இன்னும் ஒரு வெள்ளிப் பாம்பு போட்டுட்டு வரலாம்னு கோயிலுக்குப் போயிட்டா. கோயிலுக்குப் போனா போன் எடுத்துட்டுப் போற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்னைக்கு அபிஷேகம் வேற. மந்திரம் பெட்டியோட வந்து சொன்னதும், வடிவு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கான்னு டீச்சரும் தெருவும் முடிவு கட்டிட்டாங்க.

இப்ப நான் திரும்பி வர்றதைச் சொல்றேன். ஒரு கையில் பல்பு, ஒரு கையில் நார்த்தூள் மூட்டை, வெயிலுக்குத் தலையில் துண்டு. தெரு முக்கில் திரும்பினா வீட்டு முன்னாலே சாமியானா. நீல சேர் வரிசையா. தெருவே உட்கார்ந்திருக்கு. சேர் இறக்கிக்கிட்டிருந்த வெளியூர்க்காரன் ஒருத்தன்கிட்டே, "என்னப்பா?"ன்னு கேட்டேன்.

"பெரியவர் தவறிட்டாருங்க"ன்னான்.

தம்பி, நீங்க நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேட்கிறீங்க. நான் தெரியாம நிக்கிறேன். எங்க வீட்டில் பெரியவர்னா ஒருத்தர்தானே? கோயம்புத்தூரில் இருந்து கிளம்பினவர் வழியிலேயே போயிட்டார். வெயில் தாங்கலை. என் மகன் உசிரா வளர்த்தது. "பாடி வந்துடுச்சா?"ன்னு கேட்டேன். "இன்னும் வழியில வந்துக்கிட்டு இருக்காம்"னான். அப்படியே கடைசி வரிசையில் ஒரு சேரில் உட்கார்ந்து, துண்டால முகத்தை மூடிக்கிட்டு அழுதேன். முகத்தைக்கூடப் பார்க்கலையே, மெத்தை வாங்கி வந்தும் அதில் படுக்கக் கொடுத்து வைக்கலையேன்னு.

ஒரு பாம்புக்கு ஊர் இவ்வளவு மரியாதை செய்யுமான்னு உங்களுக்குத் தோணும். இது எந்த ஊர்? புத்து மண்ணை நெத்தியில் வைக்கிற ஊர். எனக்குச் சந்தேகமே வரலை. நம்ம ஜனங்களை நினைச்சுப் பெருமையாக்கூட இருந்தது.

முன் வரிசையில் ரைஸ்மில் நமச்சிவாயம் பேசுறது காதில் விழுந்தது. "நல்ல மனுஷன். ஒருத்தரைக் கடிச்சுப் பேசினது கிடையாது."

சரிதான், விஷமில்லாததுன்னு இவனுக்கும் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன்.

"காலை எடுத்தாங்களாமே?"

"முட்டிக்கு மேல எடுத்துட்டாங்களாம்."

பாம்புக்கா? எனக்கு லேசா இடிச்சது.

"என்ன, வாயைத் திறந்தா அளப்புதான். அது ஒண்ணுதான் குறை"ன்னு சிவகாமி டீச்சர் சொன்னாங்க.

அப்பத்தான் தம்பி எனக்குச் செத்தது யாருன்னு தெரிஞ்சது.

உங்களைக் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்க என்ன செய்வீங்க? எந்திரிச்சுச் சொல்லிடுவீங்க. நானும் சொல்லத்தான் நினைச்சேன். ஆனா ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு எந்திரிக்கலாமேன்னு ஆசை. மனுஷனுக்கு இந்த வாய்ப்பு லேசில் கிடைக்காது. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கிட்டேன்.

நமச்சிவாயம் கனைச்சுக்கிட்டான். "அந்தப் பாம்புக் கதை ஞாபகம் இருக்கா டீச்சர்? சங்கிலி தொலைஞ்சு போச்சுன்னு ஒரு சாரைப்பாம்பைப் பிடிச்சு அளந்தாராமே."

சாரையா?

"ஒரு வயலை அளந்தாராம். அளந்து முடிச்சதும் பாம்பு ஓடிப் போச்சாம்."

ஒரு வயலா? ஓடிப் போச்சா? மூச்சு எங்கே, வழக்கு எங்கே, கோர்ட்டு எங்கே? கதையை இப்படிக் கொன்னா, அதுவும் என் சாவு வீட்டிலேயே வச்சுக் கொன்னா, நான் எப்படித் தம்பி பொறுப்பேன்? துண்டு எப்போ விழுந்துச்சு, சேர் மேலே எப்போ ஏறினேன், தெரியாது.

"சாரை இல்லவே, மலைப்பாம்பு! ஒரு வயல் இல்லை, ஒரு கிராமம்! அது மூச்சை இழுத்தா..."

டீச்சர் அலறின அலறலில் தெருமுனை வரைக்கும் காக்கா பறந்துச்சு. நமச்சிவாயம் சேரோட பின்பக்கமா விழுந்தான். மந்திரம் ஓடி வந்து என் காலைத்தான் முதலில் பிடிச்சுப் பார்த்தான், ரெண்டும் இருக்கான்னு.

அந்த நேரம் பார்த்து வடிவு கோயிலில் இருந்து வர்றா. கையில் குங்குமம், புத்து மண். வீட்டு முன்னாலே பந்தல், நடுவில் நான் சேர் மேலே. மந்திரம் கையைப் பிசைஞ்சுக்கிட்டுக் கேட்டான். "மதினி, காலைல பெட்டி யாருக்குக் கேட்டீங்க?"

"பெரியவருக்கு."

"பெரியவர்னா யாரு மதினி?"

"அதை வாயால சொல்ல மாட்டேன்."

"மதினி, ஊரே கூடி நிக்கி..."

வடிவு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படம் எடுக்கிற மாதிரி குவிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டினா. மந்திரம் அப்படியே தரையில் உட்கார்ந்துட்டான். அரைமணி நேரம் பந்தலில் யாருக்கும் சிரிப்பு அடங்கலை. துக்கத்துக்குக் கூடின கூட்டம் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. அதுவும் உயிரோட இருக்கிறவனைப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வரலை. பொழுது சாயுது. பிள்ளை வந்துக்கிட்டு இருக்கான். கூடத்தில் நிக்கிறது சாவுப் பெட்டி. பாம்புக்கு வீடு இல்லை. "அப்பா முடியாதுன்னா பெங்களூருக்குக் கொடுத்திடறேன்"னு சொன்னவன், இதைப் பார்த்தா என்ன நினைப்பான்? ஒரு பெட்டி செய்ய முடியாதவரா மலைப்பாம்பைப் பிடிச்சார்னு நினைப்பானா, மாட்டானா?

மந்திரம், "பெட்டியைத் தூக்கிடறேன் மதினி"ன்னான். வடிவு குறுக்கே நின்னுட்டா. "அந்தப் பெட்டி வீட்டுக்குள்ள வந்துட்டு வெறுமனே போகப்படாது. வந்தா ஒருத்தரை வச்சுக்கிட்டுத்தான் போகும்." அப்படி ஒரு சாஸ்திரம் நான் கேள்விப்பட்டதே இல்லை, அவ அந்த நிமிஷம் உண்டாக்கினது. ஆனா சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் உடனே அந்த சாஸ்திரத்தை ஒத்துக்கிட்டேன்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பொறி தட்டிச்சு. பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடி. இறுக்கமான மூடி. நாலடி கேட்டா ஆறடி.

"மந்திரம், இதில் இருக்கிற குளிர் மிஷினைக் கழட்டு"ன்னேன்.

"அண்ணாச்சி, ஒரு பக்கம் குளுமையும் வேணும்னு இப்பத்தானே மதினி சொன்னாங்க? குளுமைக்கு நம்ம பெட்டியை அடிச்சுக்க ஆள் கிடையாதே."

"அந்தக் குளுமையில் படுத்தவன் எவன்டே எந்திரிச்சான்? கழட்டு."

கழட்டினான். மிஷின் இருந்த ஓட்டை காத்துக்கு ஆச்சு, அதுக்கு வலை அடிச்சான். பந்தலுக்குக் கொண்டு வந்த ஒயரில் பல்பைத் தொங்க விட்டு அதுக்கும் வலைக்கூடு கட்டினான். நார்த்தூளைப் பரப்பினேன். மறைவுக்கு என்ன செய்யன்னு பார்த்தா, எனக்குன்னு வாங்கி வச்ச கொள்ளிச்சட்டி புதுசா ஓரத்தில் இருக்கு. கூடவே நீர்க்குடம். ரெண்டையும் வாய்ப் பக்கம் பாதி உடைச்சுக் கவுத்தினா, சூட்டுக்கு ஒரு வீடு, குளுமைக்கு ஒரு வீடு. ஏறி இறங்கக் கட்டை? பாடைக்கு வந்த மூங்கில். தண்ணிக்கு? வாய்க்கரிசி போட வச்சிருந்த வெண்கலக் கும்பா. ஒரு சாவுக்கு வந்த சாமான் ஒண்ணுகூட வீணாகலை தம்பி. என்னைப் பாதி வழிக்குக் கொண்டு போன சாமானெல்லாம் அவருக்குக் குடித்தனச் சாமானா ஆச்சு. அழ வந்த கூட்டம் பூரா வேலை செய்யுது. டீச்சர் நார்த்தூளில் கல் பொறுக்குறாங்க.

அப்பத்தான் லிங்கம் வந்தான். டீச்சர் மத்தியானமே போன் பண்ணி, "அப்பாவுக்கு... நீ நேரில் வாப்பா"ன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் எல்லாரும் சிரிச்ச சிரிப்பில் அவனுக்குத் திரும்பச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலை. காரைத் தெருவில் குறுக்கே நிறுத்திட்டு, கதவைக்கூட மூடாம ஓடி வர்றான். வந்தவன் பந்தலைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பெட்டிக்குள்ளே தலையை விட்டு மூங்கில் நட்டுக்கிட்டிருந்த என்னைப் பார்த்தான். என் ரெண்டு தோளையும் இறுக்கிப் பிடிச்சவன் விடலை. ரொம்ப நேரம். வெயிலில் வண்டி ஓட்டி வந்ததில் கண்ணெல்லாம் செவந்திருந்தது பிள்ளைக்கு. எனக்கும் அந்த நார்த்தூள் கண்ணில் விழுந்துட்டது.

அப்புறம் காருக்குப் போய் ஒரு தலையணை உறையைத் தூக்கிட்டு வந்தான். வாய் கட்டின உறை. உள்ளே கனமா, மெதுவா ஒரு அசைவு. தெரு பூரா வட்டமா நின்னுடுச்சு. பெட்டியைச் சுத்திப் பார்த்து, கையை விட்டுச் சூடு பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குப்பா. நான் பண்ணினதைவிட நல்லா இருக்கு"ன்னான்.

நமச்சிவாயம் விடலை. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே கேட்டான், "அண்ணாச்சிதானே எடுத்து விடணும்? மலைப்பாம்பைப் பிடிச்ச கையாச்சே?"

எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க. லிங்கமும் பார்க்கிறான். நான் வேட்டியை ரெண்டு தடவை அவுத்துக் கட்டினது உண்மை. காலையில் இருந்து சாப்பிடலை, வேட்டி இடுப்பில் நிக்கலை.

லிங்கம் கிட்டே வந்தான். என் காதோடு காதா, ஒருத்தருக்கும் கேட்காம, "அப்பா, நீங்க கண்ணை மூடிக்கிடுங்க. கையை மட்டும் நீட்டுங்க. நான் கீழே தாங்கிக்கிடறேன்"ன்னான்.

கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்கணுமாம் தம்பி, ஆப்பிரிக்காவில் அதுதான் முறை போலிருக்கு. நம்ம முறை வேற, ஆனா அது பழகின முறையில்தானே எடுக்கணும்? மூடிக்கிட்டேன். கையில் வந்து விழுந்தது. ஈரமாக் கொழகொழன்னு இருக்கும்னு நினைச்சேன். இல்லை, நல்லாக் காஞ்ச தோல், சொரசொரப்பே இல்லாத வெத்தலை மாதிரி. என் கைக்குக் கீழே இன்னொரு கை இருந்தது. சின்னப் பிள்ளையில் சைக்கிள் பழகும்போது நான் சீட்டுக்குக் கீழே பிடிப்பேனே, அந்த மாதிரி. ரெண்டு பேருமா உள்ளே இறக்கினோம். கண்ணைத் திறந்தா அது பந்தாச் சுருண்டு கிடக்கு. என்னைப் பார்த்ததும் அடங்கிடுச்சு.

கூட்டம் ஒரு அடி முன்னாலே வந்து எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் நமச்சிவாயம், "இது ரப்பர்"ன்னான்.

"ரப்பரேதான். மனுஷன் செத்தும் அளக்காரு பாரு"ன்னான் இன்னொருத்தன்.

பாருங்க தம்பி, என் ஆயுசில் ஊரே பார்க்க ஒரு காரியம் பண்ணியிருக்கேன், அதுவும் அளப்பாம். நமச்சிவாயம் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வச்சு, விரலால டொக்டொக்குன்னு தட்டினான். ரப்பர் தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி, அவன் மூக்குக்கு நேரா ஒரு கொட்டாவி விட்டது.

ஆறு சேர் உடைஞ்சதுன்னு மந்திரம் சொன்னான். ரைஸ்மில் மறுநாள் திறக்கலை.

அன்னையில் இருந்து பெரியவர் இங்கேதான். சாப்பாடு மந்திரம் பொறுப்பு, அவன் கடைக்குத் தூக்கிட்டுப் போய் அசைவத்தை அங்கேயே முடிச்சுக் கொண்டு வந்து விட்டிருவான். மத்ததெல்லாம் வடிவு. ஆமா, அவளேதான். காலையில் குளிச்சு முழுகி, மூடியைத் திறந்து, "பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க"ன்னு சொல்லித் தண்ணி மாத்துவா, தள்ளிக்கும். என்கிட்டே இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவ பேசினதே கிடையாது. நான் மேற்பார்வை. இங்கே இந்த நாற்காலியில் இருந்தே எல்லாம் தெரியும்.

என்ன, இப்ப அவ கோயம்புத்தூர் போயிருக்கா, மருமகளுக்குப் பிரசவ நேரம். மந்திரம் முகூர்த்தம்னு பந்தல் போடப் போயிட்டான், சாயங்காலம்தான் வருவான். லிங்கம் இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவான். முகத்தைக் காட்டுங்கன்னு சொல்ல மாட்டான், "அப்பா, தண்ணி மாத்திட்டீங்களா, கும்பாவைக் காட்டுங்க"ன்னுதான் சொல்லுவான். நேத்து காஸ் சிலிண்டர் போட வந்த தம்பி மாத்திக் கொடுத்துட்டுப் போச்சு. முந்தாநாள் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர். நல்ல பிள்ளைகள்.

எனக்குப் பயம்னு நினைச்சிடாதீங்க. வலது கையில் சுளுக்கு. இடது கையால் கொடுத்தா அவருக்கு மரியாதைக் குறைவு. அதனால, தம்பி, நீங்க உள்ளே வாங்க. மூடியை நான் திறக்கிறேன், அதுதான் கஷ்டமான வேலை. கும்பாவை மட்டும் நீங்க எடுங்க. அவர் இன்னைக்கு அதுக்குள்ளேதான் படுத்திருக்கார், "தள்ளிக்கிடுங்க"ன்னு மரியாதையாச் சொன்னாப் போதும். கையைக் கழுவிட்டு வாங்க, சோப்பு வாசம் ஆகாது அவருக்கு, வெறும் தண்ணி.

தம்பி... தம்பி, மாடிப்படி இந்தப் பக்கம். அது தெருவுக்குப் போற வழி.